மண்டை ஓடு என்றால் மரணம் மட்டும்தானா? டார்க் ஃபேண்டஸி ஓவியத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

இரண்டு சிறுவர்கள் ஒரு ஸ்ட்ரெச்சரைச் சுமந்துகொண்டு மண்பாதையில் நடக்கிறார்கள். அதில் ஒரு தேவதை. படுத்திருக்கவில்லை, குனிந்த தலையோடு, இரு பக்கக் கழிகளையும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கண்களை மறைத்து ஒரு வெள்ளைக் கட்டு. இறக்கையில் ரத்தக்கறை. ஒரு கையில் சின்னதாய்ச் சில வெள்ளைப் பூக்கள். பின்னால் நீர்நிலை, வறண்ட கரை, தாழ்ந்த குன்றுகள். முன்னால் போகும் பையன் கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு, பாதையைப் பார்த்து நடக்கிறான். பின்னால் வருகிறவன் மட்டும் முகத்தைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறான். “என்ன வேடிக்கை?” என்று கேட்பது போன்ற பார்வை.

பின்லாந்து ஓவியர் ஹியூகோ சிம்பெர்க் 1903இல் தீட்டிய ‘காயமடைந்த தேவதை’ இது. ஹெல்சின்கியின் அத்தேனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் காட்சிக்கு வைத்தபோது தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஒரு சிறு கோடு மட்டும் போட்டார். பொருள் கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லவும் மறுத்துவிட்டார். 2006இல் பின்லாந்து மக்கள் வாக்களித்துத் தங்கள் தேசிய ஓவியமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். விளக்கமே இல்லாத படத்தை ஒரு நாடே தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் படத்தைப் புதிதாகப் பார்க்கிற ஒருவர் பத்தே விநாடியில் ஒரு விடை சொல்லிவிடுவார். தேவதை என்றால் நன்மை, ரத்தம் என்றால் வன்முறை, ஆகவே உலகம் நன்மையைக் காயப்படுத்துகிறது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த விடைக்குச் சிறுவர்கள் தேவையில்லை, பூ தேவையில்லை, அந்த முறைப்பும் தேவையில்லை. அம்பு தைத்து விழுந்து கிடக்கும் ஒரு தேவதையே போதும். படத்தில் இருப்பதில் பாதியைத் தூக்கி எறிந்தால்தான் நிற்கிற விளக்கம் அது. குறியீடு படிப்பதில் தொடக்கக்காரர்கள் சறுக்கும் இடமும் இதுதான்: ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அகராதியில் தேடிக் கூட்டிவிடுகிறோம். படத்துக்குள் ஒரு பொருளுக்கு அர்த்தம் கொடுப்பது அதன் பக்கத்தில் இருக்கும் பொருள்.

சின்னம் வேறு, குறியீடு வேறு

சாலையோர மின்பெட்டியில் மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்புகளும் வரைந்திருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: தொடாதே, செத்துப்போவாய். இது சின்னம். எல்லோருக்கும் ஒன்றே சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆபத்து. ஓவியத்தில் வரும் மண்டை ஓடு அப்படி இல்லை. முதலில் அது ஒரு மண்டை ஓடு. அதற்கென்று நிறம், பல் விழுந்த தாடை, மேலே படிந்த தூசி எல்லாம் இருக்கும். அதற்கு மேல்தான் இன்னொன்றையும் சொல்கிறது. சங்கப் பாட்டின் உள்ளுறை உவமத்தைப் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. மரத்தையும் விலங்கையும் பற்றியே பேசுவதுபோல் பேசி, மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். மரத்தை மறந்துவிட்டு மனிதரை மட்டும் பிடித்துக்கொண்டால் பாட்டே போய்விடும்.

டார்க் ஃபேண்டஸி என்ற பெயர் புதிது. இந்த வகைப் படங்கள் பழையவை. அரக்கர், எலும்புக்கூடு, சிதைந்த கோட்டை, முகமில்லாத வீரன், பெயர் தெரியாத பிராணி என்று நிஜத்தில் இல்லாத உலகம்; அதில் அச்சமும் துயரமும் அழிவும் மேலோங்கியிருக்கும். இன்றைய வீடியோ விளையாட்டுகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்கள் பெரும்பாலும் போஷ், கோயா, ஃபியூஸ்லி, போக்லின் போன்ற பழைய ஐரோப்பிய ஓவியர்களின் கிடங்கிலிருந்து வந்தவை. அதனால் பழைய படங்களில் பழகிக்கொண்டால் புதியவற்றை எளிதாகப் படிக்கலாம். எதிர்த்திசையில் அது அவ்வளவு எளிதில்லை.

முதலில் கண்ணால், பிறகு படிப்பால்

கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வெளியிட்ட ஒரு நூலில் படத்தைப் படிப்பதை மூன்று அடுக்காகப் பிரித்தார். எளிமையாகச் சொன்னால் இப்படி: முதலில், கண்ணுக்கு என்ன தெரிகிறது? அடுத்து, தெரிவதற்கு அந்தக் காலத்திலும் அந்தப் பண்பாட்டிலும் என்ன பெயர், என்ன கதை? கடைசியாக, இதை இப்படி வரைந்ததிலிருந்து அந்த மனிதரையும் அந்தக் காலத்தையும் பற்றி என்ன தெரிகிறது? இந்த மூன்றையும் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, அதற்கு ஒத்துவரும் பொருள்களை மட்டும் படத்தில் தேடுகிறார்கள்.

முதல் அடுக்கில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து நிமிடம் பாருங்கள். ஐந்து நிமிடம் என்பது ஒரு படத்துக்கு மிக நீண்ட நேரம். இரண்டாவது நிமிடத்திலேயே கை ஃபோனைத் தேடும். அப்போது ஒரு தாளில், “துயரம்”, “தீமை” போன்ற சொற்களே வராமல், தெரிவதை மட்டும் எழுதுங்கள். “ஒரு பையன் நம்மைப் பார்க்கிறான்.” “கட்டு கண்ணில் இருக்கிறது, கறை இறக்கையில் இருக்கிறது.” இப்படி எழுதும்போதுதான் பொருந்தாமல் நிற்கும் விஷயங்கள் கண்ணில் படும். தேவதை கையில் இருப்பவை ஸ்னோடிராப் பூக்கள். ஐரோப்பாவில் பனிக்காலம் முடியும்போது, சில சமயம் பனியைத் துளைத்துக்கொண்டே, முதலில் மலர்பவை. குளிர் விலகுவதற்கும் உடல் தேறுவதற்கும் அடையாளமாக அவற்றை அங்கே சொல்வார்கள். இப்போது படம் கொஞ்சம் திரும்புகிறது. தேவதை வீழ்த்தப்பட்ட காட்சியாக இருந்தது, தேவதையை எங்கோ தூக்கிக்கொண்டு போகும் காட்சியாக ஆகிறது. சிம்பெர்க் அந்த நாட்களில் ஒரு கடும் நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்தார் என்பது தெரிந்தால் இந்த வாசிப்புக்கு இன்னும் வலு கூடும். ஆனால் கவனியுங்கள், பூவைப் பார்த்த பிறகுதான் நோய் நமக்கு உதவுகிறது. நோயை முதலில் தெரிந்துகொண்டிருந்தால் பூவை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மனதுக்குள் ஒரு பொருளை மாற்றி வையுங்கள். அந்தப் பூக்களுக்குப் பதில் ஒரு சிவப்பு ரோஜா. உடனே இது காதலின் கதையாகவோ உயிர்த்தியாகத்தின் கதையாகவோ மாறிவிடும். உடைந்த வாள் என்றால் போர். கையில் எதுவுமே இல்லையென்றால் வெறும் பரிதாபம். ஒன்றை மாற்றினால் படமே மாறுகிறதென்றால் அந்தப் பொருள் அங்கே வேலை செய்கிறது. மாற்றியும் ஒன்றும் ஆகவில்லையென்றால் அது அலங்காரம், விட்டுவிடலாம். எல்லாக் கல்லுக்கும் புல்லுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆந்தை யார் பக்கம்?

குறியீடுகளுக்கு ஊரும் காலமும் உண்டு. ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டைக் கிரேக்கர்களுக்கு அது அறிவுத் தெய்வம் அதீனாவின் பறவை. ஏதென்ஸ் நாணயத்திலேயே இருந்தது. ஹைரோனிமஸ் போஷ் வாழ்ந்த நெதர்லாந்து வட்டாரத்தில் கதை வேறு. பகல் வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டில் உலவும் பறவை, மற்றப் பறவைகளைப் பொறிக்கு இழுக்க வேடர்கள் பயன்படுத்திய பறவை என்று அதன்மேல் நல்ல அபிப்பிராயமே இல்லை. 1500ஐ ஒட்டி அவர் தீட்டிய ‘இன்பங்களின் தோட்டம்’ மூன்று பலகை ஓவியம். இடப்பக்கப் பலகையில் ஏதேன் தோட்டம். பாவம் இன்னும் தொடங்காத இடம். நடுவே இளஞ்சிவப்பு நீரூற்று, அதன் அடியில் ஒரு வட்ட ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரு ஆந்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. “அறிவு” என்று எழுதிவிட்டு நகர்ந்தால் போஷ் வைத்த முள்ளைக் கவனிக்காமல் போய்விடுவோம். வலப்பக்க நரகத்துக்கான விதை இடப்பக்கச் சொர்க்கத்தின் நட்டநடுவிலேயே இருக்கிறது என்று பலர் இதைப் படிக்கிறார்கள்.

ஸ்பானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 80 அச்சுப்படங்களின் தொகுப்பில் 43ஆவது படத்திலும் ஆந்தைகள் உண்டு. ஒருவர் மேசைமேல் தலை கவிழ்த்துத் தூங்குகிறார். பின்னால் இருட்டிலிருந்து ஆந்தைகளும் வௌவால்களும் கிளம்பி வருகின்றன. பகுத்தறிவின் உறக்கம் அரக்கர்களைப் பெற்றெடுக்கும் என்பது மேசையில் எழுதியிருக்கும் வாசகம். ஸ்பானிய மொழியில் உறக்கத்துக்கும் கனவுக்கும் ஒரே சொல். ஆகவே பகுத்தறிவு தூங்கிவிட்டால் அரக்கர் வருவார்களா, பகுத்தறிவே காணும் கனவில் அரக்கர் பிறக்கிறார்களா என்று இரண்டு வாசல் திறந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு ஆந்தை தன் காலில் ஓவியருக்கான சுண்ணக்கோலைப் பிடித்து அவரிடம் நீட்டுவதுபோல் இருக்கும். பயமுறுத்த வந்த பிராணி வரையச் சொல்லிக் கொடுக்கிறதா, என்ன? இந்த ஒரு ஆந்தைக்காகவே நான் அந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன்.

திரைக்குப் பின்னால் ஒரு குதிரை

டார்க் ஃபேண்டஸிக்குத் தாத்தா என்று ஒரு படத்தைச் சொல்ல வேண்டுமானால் ஹென்றி ஃபியூஸ்லியின் ‘கொடுங்கனவு’ படத்தைச் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1781இல் தீட்டினார், அடுத்த ஆண்டு லண்டன் ராயல் அகாடமியில் காட்டினார். இப்போது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருக்கிறது. வெள்ளை உடையில் ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். தலையும் கைகளும் படுக்கையிலிருந்து கீழே தொங்குகின்றன. அவள் நெஞ்சின்மேல் குரங்கு போன்ற ஒரு பிசாசு குந்தியிருக்கிறது. சிவப்புத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஒரு குதிரையின் தலை உள்ளே எட்டிப் பார்க்கிறது. அதன் கண்களில் கருவிழி இல்லாத வெள்ளை.

பிசாசு நமக்கு உடனே புரிந்துவிடும். தூக்கத்தில் விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருக்கும் அந்த நிலையைத் தமிழில் அமுக்குவான் பேய் அமுக்கியது என்போம். மருத்துவத்தில் தூக்க முடக்கம். மல்லாந்து படுத்தால் அது கூடுதலாக வரும் என்கிறார்கள். படத்திலும் அவள் மல்லாந்துதான் கிடக்கிறாள். சரி, குதிரை எதற்கு? எனக்கு இது வெகுநாள் புரியவில்லை. கொடுங்கனவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியான ‘மேர்’ பெண்குதிரையைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். உண்மையில் அதற்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. தூங்குபவர் நெஞ்சில் ஏறி அமரும் ஆவிக்கு வடஐரோப்பிய மொழிகளில் இருந்த பழம்பெயரிலிருந்து வந்தது அது. ஆவி நெஞ்சில் இருக்கிறது, அதே ஒலியுள்ள குதிரை திரைக்குப் பின் நிற்கிறது. ஒரு சிலேடையே ஓவியமாகிவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் சிலேடை தெரிந்தவுடன் குதிரையை முடித்துவைத்துவிடக் கூடாது. குதிரை நிற்கும் இடத்தைப் பாருங்கள். திரையின் பிளவு, அதன் சிவப்பு, தலையை மட்டும் உள்ளே நுழைக்கும் விதம், பெண்ணின் தளர்ந்த உடல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இதில் பாலியல் அச்சத்தைப் படித்திருக்கிறார்கள். இந்தக் கேன்வாஸின் பின்புறத்தில் முடிக்கப்படாத ஒரு பெண்ணின் உருவப்படம் இருக்கிறது. ஃபியூஸ்லி காதலித்துக் கைகூடாமல் போன பெண்ணாக இருக்கலாம் என்பது சிலரின் ஊகம். ஊகம் என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டால் அது சுவையான துணைத்தகவல். உறுதி என்று எடுத்துக்கொண்டால் படம் ஒரு காதல் தோல்வியின் கிசுகிசுவாகச் சுருங்கிவிடும்.

தலைப்பை நம்பலாமா?

தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பது விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது போலத்தான். அதிலும் அந்த விடைத்தாள் யார் எழுதியது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஆர்னால்ட் போக்லின் 1880 முதல் 1886 வரை ஐந்து முறை தீட்டிய ‘மரணத் தீவு’ படத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர் அல்ல. 1883இல் அவருடைய படங்களை விற்றுக்கொடுத்த ஃபிரிட்ஸ் குர்லிட் என்ற வணிகர் வைத்தார். கறுத்த நீர், செங்குத்தான பாறைகள், நடுவே உயர்ந்த சைப்ரஸ் மரங்கள், தீவை நோக்கி ஒரு சிறு படகு. படகில் வெள்ளைத் துணி போர்த்தி நிற்கும் உருவமும் முன்னால் ஒரு சவப்பெட்டியும் இருக்கின்றன. இந்தப் படத்தின் உயிரே அந்த வெள்ளை உருவம்தான் என்று தோன்றும். ஆனால் தொடக்கத்தில் அது இல்லை. மரி பெர்னா என்ற பெண், கணவரை இழந்தவர், போக்லினின் ஓவியக்கூடத்துக்கு வந்து பாதி முடிந்திருந்த படத்தைப் பார்த்தார். தனக்கும் ஒன்று வேண்டும், அதில் சவப்பெட்டியும் அந்த உருவமும் இருக்கட்டும் என்றார். ஓவியர் அவருக்கான படத்தில் சேர்த்தார்; பிறகு முதல் படத்திலும் சேர்த்துக்கொண்டார். ஒரு குறியீடு எப்போதும் ஓவியரின் ஆழ்மனதிலிருந்துதான் வரும் என்பதில்லை. சில சமயம் பணம் கொடுப்பவரின் துக்கத்திலிருந்தும் வரும்.

சைப்ரஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியதரைக் கடல் நாடுகளில் கல்லறைகளில் நடும் மரம் அது. அதைத் தெரிந்துகொள்ளாதவர்களுக்குத் தீவு அழகான சுற்றுலாத் தலமாகக்கூடத் தெரியலாம்.

கோயாவின் விஷயம் இன்னும் சிக்கல். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாட்ரிட் அருகே தன் வீட்டுச் சுவர்களிலேயே 14 இருண்ட ஓவியங்களைத் தீட்டினார். யாருக்கும் விற்க அல்ல, தலைப்பும் எழுதவில்லை. அவர் இறந்து பல காலம் கழித்து, 1870களில் சுவரிலிருந்து பெயர்த்துக் கேன்வாஸுக்கு மாற்றினார்கள். அதில் ஒன்றை இன்று ‘சனி தன் மகனை விழுங்குதல்’ என்கிறோம். ரோமானியப் புராணத்துச் சனி, பிள்ளை தன்னைக் கவிழ்த்துவிடுவான் என்று அஞ்சிப் பிறந்த பிள்ளைகளை விழுங்கியவன். இதே கதையை ஓவியர் ரூபென்ஸ் 1630களில் தீட்டியிருக்கிறார். அதில் சனியின் கையில் நீளக் கைப்பிடி அரிவாள், தலைக்கு மேல் நட்சத்திரங்கள், கடிபடுவது ஒரு குழந்தை. இன்னார் இவர் என்று சொல்லும் எல்லாச் சின்னங்களும் ஒழுங்காக இருக்கின்றன. கோயாவின் படத்தில் அவை எதுவும் இல்லை. அரிவாள் இல்லை, நட்சத்திரம் இல்லை. தின்னப்படும் உடல் வளர்ந்த மனித உடல். தலை ஏற்கெனவே போய்விட்டது. இருட்டிலிருந்து பிதுங்கும் அந்தக் கண்களில் வெறியைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது, தான் செய்வதைத் தானே நம்பமுடியாதது போல.

தலைப்பை ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். காலம் எல்லாவற்றையும் தின்கிறது என்றும் படிக்கலாம், அரசு தன் மக்களைத் தின்கிறது என்றும் படிக்கலாம், முதுமை இளமையைத் தின்கிறது என்றும் படிக்கலாம். சின்னங்கள் எடுக்கப்பட்ட இடத்தில் குறியீடு அகலமாகிவிடுகிறது. ஆகவே படத்தில் இல்லாததையும் எண்ணுங்கள். அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா 1973இல் தீட்டிய கோடரி வீரன் படத்திலும் இதே வித்தைதான்: கொம்புத் தலைக்கவசத்தின் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல் மட்டும். குதிரையும் கோடரியும் கேடயமும் துல்லியமாக வரையப்பட்டிருப்பதால்தான் அந்த முகமின்மை உறைக்கிறது.

ஒளி எங்கிருந்து வருகிறது?

பொருள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று விட்டுப்போகும். டார்க் ஃபேண்டஸியில் நிறமும் ஒளியும் அளவும் பேசுகிற அளவுக்குப் பொருள்கள்கூடப் பேசுவதில்லை. ஒளி எங்கிருந்து வருகிறது, யார்மேல் விழுகிறது, யாரைத் தவிர்க்கிறது? மனித உருவம் படத்தில் எத்தனையில் ஒரு பங்கு? பார்வை மட்டம் தரையோடு இருந்தால் நாம் பலியாளின் இடத்தில் நிற்கிறோம். மேலிருந்து பார்த்தால் கழுகின் இடத்தில். சிவப்பு என்றால் ரத்தம், கறுப்பு என்றால் தீமை என்ற வாய்ப்பாடு இங்கேயும் உதவாது. சிம்பெர்க்கே 1896இல் தீட்டிய ‘மரணத்தின் தோட்டம்’ என்ற சின்னஞ்சிறு நீர்வண்ணப்படம், ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் உயரம்தான். கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் தொட்டிச் செடிகளைப் பராமரிக்கின்றன. ஒன்று ஒரு பூவை அத்தனை பரிவோடு நெஞ்சோடு அணைத்திருக்கிறது. வாய்ப்பாட்டின்படி இது கொடூரமான படமாக இருக்க வேண்டும். நானோ இதைவிட ஆறுதலான மரணப்படத்தைப் பார்த்ததில்லை.

கையோடு ஒரு பயிற்சி

யாரும் வரையாத ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வற்றிப்போன ஏரி. தரை வெடித்துக் கிடக்கிறது. துருப்பிடித்த கவசம் அணிந்த வீரன் முழங்காலிட்டிருக்கிறான். அவன் எதிரே ஒரு பிரம்மாண்டமான விலாக்கூடு, கோயில் வளைவுகள்போல் எழுந்து நிற்கிறது. விலாக்கூட்டுக்குள் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. வீரனின் தோளில் காகம். அவனுடைய வாள் பத்தடி பின்னால் மண்ணில் குத்தி நிற்கிறது. அவன் நிழல் விளக்கை நோக்கி விழுகிறது.

பொருள் சொல்லும் முன் பொருந்தாதவற்றைத் தேடுங்கள். முதலாவது, நிழல். விளக்கு எதிரே இருந்தால் நிழல் முதுகுப்பக்கம் போக வேண்டும். விளக்கை நோக்கி விழுகிறதென்றால் நமக்குத் தெரியாத பெரிய ஒளி ஒன்று அவன் முதுகுக்குப் பின்னால், அதாவது நாம் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது. அவன் அதற்கு முதுகைக் காட்டிவிட்டுச் சின்ன விளக்கைக் கும்பிடுகிறான். இரண்டாவது, விளக்கை ஏற்றியது யார்? தரையில் காலடித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அதுவும் ஒரு செய்தி. மூன்றாவது, காகம். எலும்புகள் இருக்கும் இடத்தில் காகம் எலும்பின்மேல்தானே இருக்க வேண்டும்? தோளில் இருக்கிறதென்றால் ஒன்று அவனோடு பயணம் செய்யும் துணை, அல்லது அடுத்த இரை யார் என்று முடிவு செய்துவிட்ட பறவை.

இப்போது இரண்டு வாசிப்புகள் கிடைக்கின்றன. போரைக் கைவிட்டவன் இறந்துபோன பெருந்தெய்வத்தின் முன் சரணடைகிறான். அல்லது, தூண்டிலில் மாட்டிய மீன்போல ஒரு சின்ன வெளிச்சத்தை நம்பி விலாக்கூட்டின் வாசலுக்கு வந்துவிட்டான். எது சரி? வாளைப் பாருங்கள். நேராகக் குத்தி நின்றால் அவனே நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். சரிந்து கிடந்தால் கைநழுவியிருக்கிறது. நாம் சொன்ன படத்தில் குத்தி நிற்கிறது; ஆகவே முதல் வாசிப்புக்கு ஒரு சான்று. நிழல் இரண்டாவதற்குச் சான்று. காகம் இரண்டு பக்கமும் ஆடும். காகத்தைத் தூக்கி விலாவெலும்பின்மேல் வைத்துப் பாருங்கள்: உடனே வீரன் தனியாகிவிடுவான், படத்தின் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும். ஓவியர் அதை ஏன் தோளில் வைத்தார் என்பது அப்போது தெரியும்.

ஒரே விடை வர வேண்டும் என்றில்லை. அதற்காக எந்த விடையும் சரி என்றும் ஆகாது. படத்துக்குள் கைவைத்துக் காட்ட முடிகிற வாசிப்பு நிற்கும். காட்ட முடியாதது விழும். “இது நவீன மனிதனின் தனிமை” என்று ஒருவர் சொன்னால் “எங்கே?” என்று கேளுங்கள். பதிலுக்கு விரல் ஏதாவது ஓர் இடத்தைத் தொட வேண்டும்.

இந்த முறையெல்லாம் தடுமாறும் ஓவியர் ஒருவர் உண்டு: போலந்தின் ஸ்ஜிஸ்வாவ் பெக்சின்ஸ்கி, 1929இல் சனோக் ஊரில் பிறந்து 2005இல் மறைந்தவர். எலும்பும் சிலந்திவலையும் சேர்ந்து கட்டியது போன்ற பேராலயங்கள், ஒட்டிப்போன உடல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருப்பது, செந்நிற வானம். இன்றைய டார்க் ஃபேண்டஸிக்காரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். தன் படங்களுக்கு அவர் தலைப்பே வைத்ததில்லை. அவற்றின் பொருள் தனக்கே தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை என்றார். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது போலந்தில் போர் வந்தது. ஆகவே எல்லாம் போரின் குறியீடு என்று பலர் எழுதிவிட்டார்கள். இருக்கலாம். ஆனால் அவருடைய படங்களில் சிலவற்றைத் தான் நம்பிக்கையோடு, ஏன், கொஞ்சம் நகைச்சுவையோடுகூட வரைந்ததாக அவர் சொன்னதை என்ன செய்வது? இவருடைய படங்களின் முன் நிற்கும்போது நான் முதல் அடுக்கோடு நின்றுவிடுகிறேன். தெரிவதை எழுதுகிறேன், மூன்றாவது அடுக்குக்குப் போவதில்லை. அது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

சிம்பெர்க் தன் தேவதையை இன்னொரு முறையும் வரைந்தார். 1905, 1906 ஆண்டுகளில் பின்லாந்தின் தம்பெரே பேராலயத்துச் சுவரில், பெரிய அளவில். அதே சிறுவர்கள், அதே ஸ்ட்ரெச்சர், அதே கட்டு. ஆனால் பின்னணியைப் பாருங்கள்: ஹெல்சின்கி படத்தில் வெறும் நீரும் குன்றும் இருந்த இடத்தில் இங்கே தொழிற்சாலைப் புகைக்கூண்டுகள் நிற்கின்றன. தம்பெரே ஆலைகளின் ஊர். முதல் படத்தைப் பார்த்து நீங்கள் தாளில் எழுதியதை எடுத்து, அதில் ‘குன்று’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘புகைக்கூண்டு’ என்று எழுதிப் பாருங்கள். பிறகு மறுபடி அந்தப் பின்வரிசைப் பையனின் முகத்துக்கு வாருங்கள். இப்போது அவன் யாரை முறைக்கிறான்?